பச்சை டேப், நீல டேப்

எலி வாசத்தோடு சமையல்கட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். கல்லூரியிலிருந்து பஸ் பிடித்துப் பொம்மிடியில் இறங்கி வீட்டுக்கு வந்தால், பின்பக்கமாகச் சுற்றிப்போய்க் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்க்க வேண்டும். அங்கேயே குளித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எரிச்சல் வந்தாலும் குளித்துவிடுவேன். குளிக்காவிட்டால் காபி கிடையாது.

தர்மபுரிப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் எனக்கு ஆராய்ச்சி வேலை. பெங்களூரில் என் பேராசிரியரின் ஆய்வகத்தில் மருந்தைச் செய்வார்கள். அதை எலிகளுக்குப் போட்டுப் பார்க்கும் இடம் எங்கள் கல்லூரி. போட்டுப் பார்க்கிற ஆள் நான். நடுக்குவாதம் வரும்படியே பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகள் அவை. குட்டியாக இருக்கும்போது மற்ற எலிகளைப்போலத்தான் ஓடித் திரியும். வளர வளர மூளையில் ஒரு புரதம் திரண்டு கட்டிக்கொள்ளும், நடை குலையும், பிடி தளரும்.

அப்பாவுக்காகத்தான் இந்த ஆராய்ச்சியை எடுத்தாயா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கும்போதே அவர்கள் கண் கலங்கத் தயாராக இருக்கும். இல்லை என்று சொல்லி ஏமாற்ற வேண்டியிருக்கிறது. வேலை முதலில் வந்தது, அப்பாவின் கை பிறகுதான் நடுங்கியது. மாதா கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். வலது கை வீசி நடந்தது, இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது. தினமும் கூண்டுக்குள் பார்க்கிற விஷயத்தை ரோட்டில் பார்த்தேன். பூசை முழுவதும் எதுவும் காதில் விழவில்லை. சேலத்தில் டாக்டர் அதைப் பார்க்கின்சன் நோய் என்று சொன்னது அதற்குப் பிறகுதான். அம்மா அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை. யாராவது கேட்டால் நரம்பு என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

அப்பா கண்டக்டராக இருந்தவர். கடைசிப் பல வருஷங்கள் சித்தேரி மலைக்குப் போகிற பஸ். வளைவுகளில் வண்டி சாயும்போது உட்கார்ந்திருக்கிறவர்களே முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பா எதையும் பிடிக்காமல் நடுவழியில் நின்றபடி டிக்கெட் கிழிப்பார், சில்லறை எண்ணுவார், சாமை மூட்டையைக் காலால் நகர்த்துவார், நடுவில் கேலியும் பேசுவார். சின்ன வயதில் ஒருமுறை அவரோடு போனேன். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன், அவர் ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையில் டிக்கெட் கட்டை வைத்திருந்தார். அப்போதும் கம்பியைப் பிடிக்கவில்லை. அந்த மனிதர் இப்போது பாத்ரூம் போகச் சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறார்.

என் வேலை என்ன என்று அவர்தான் ஆசையாகக் கேட்பார். மூளைக்குள் மருந்தை அனுப்புவது லேசில்லை என்று சொன்னேன். ரத்தத்தில் கலந்த மருந்தைப் பெரும்பாலும் மூளையின் வாசலிலேயே ஒரு தடை நிறுத்திவிடும், அதைத் தாண்டினாலும் செல்லின் சுவர் ஒன்று இருக்கிறது. எங்கள் மருந்து ஒரு பெப்டைடு, அதாவது புரதத்தில் ஒரு சின்னத் துண்டு. அதன் முனையில் இன்னொரு துண்டை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு தடையையும் தாண்டி மருந்தை உள்ளே கூட்டிக்கொண்டு போவது அந்த ஒட்டுத் துண்டின் வேலை.

"அப்ப அது பாஸ் வெச்சிருக்கற ஆளு" என்றார் அப்பா.

ஆமாம் என்றேன். அதைவிட நன்றாக நானும் சொன்னதில்லை, என் பேராசிரியரும் சொன்னதில்லை.

மருந்துக் குப்பிகள் பெங்களூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். பாதிக் குப்பிகளில் பச்சை டேப் ஒட்டியிருக்கும், பாதியில் நீல டேப். ஒன்றில் உண்மையான பெப்டைடு. மற்றதில் அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்த வேறொன்று. அதுவும் உள்ளே போகும், ஆனால் போன இடத்தில் எந்த வேலையும் செய்யாது. எந்த நிறத்தில் எது என்று பேராசிரியருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால் மருந்து வாங்கிய எலி கொஞ்சம் தள்ளாடினாலும் கண் அதை மன்னித்துவிடும். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வோம். அதற்காகத்தான் இந்த ஏற்பாடே.

ஊசி போட்ட பிறகு குறிப்பிட்ட நாட்களில் ஓட்டப் பரிசோதனை. மெல்லச் சுழன்று வேகம் பிடிக்கிற ஒரு கம்பி. அதன்மேல் எலியை விட வேண்டும். கீழே விழாமல் எவ்வளவு நேரம் கால் மாற்றி மாற்றி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு சர்க்கஸ்போல இருக்கும். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அது நன்றாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, யாருக்கும் அனுப்புவதில்லை என்று வாக்குக் கொடுத்து, ஒரு வீடியோவை அப்பாவுக்குப் போனில் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதில் நீல டேப் எலி ஒன்று. கம்பி வேகம் எடுத்ததும் மற்றவை தடுமாறி விழுந்தன. இது நடக்கவும் இல்லை, விழவும் இல்லை. நாலு காலாலும் கம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பியோடு சேர்ந்து தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்தது. அப்பா சிரித்துவிட்டார். நோயில் இறுகிப்போன அவர் முகம் அவ்வளவு அசைந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"இவன் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வர்றவன்" என்றார்.

அப்படிச் சுற்றினால் விழுந்ததாகத்தான் கணக்கு என்று சொன்னேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. படியில் தொங்குகிறவனை உள்ளே ஏறச் சொல்லித் திட்டலாம், ஆனால் அவனும் வண்டியில் வந்தவன்தானே என்று வாதாடினார். அன்றிலிருந்து அந்த எலி எங்கள் வீட்டில் படிக்கட்டுக்காரன். நான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் காபிக்கு முன்னால் அவனுடைய சேதி வேண்டும். இன்றைக்கு நடந்தானா, தொங்கினானா? சாப்பிட்டானா? ஒருநாள் தொங்காமல் நடந்தான் என்று சொன்னதும், தன் மகனுக்கு வேலை கிடைத்ததுபோல எழுந்து உட்கார்ந்தார்.

அம்மாவின் வழி வேறு. இந்த எலிகளுக்கு நல்லது நடந்துவிட்டால் அடுத்தது அப்பாதான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியில் ஒரு குப்பி நம் வீட்டுக்கும் வரும், நானே ஊசி போடுவேன், அப்பா சுவரைத் தொடாமல் நடப்பார். இவ்வளவும் அவள் மனசுக்குள் நடந்து முடிந்திருந்தது. அந்த மருந்து அவருக்கு எட்டாது என்று எனக்குத் தெரியும். எலியிலிருந்து மனிதனுக்கு வந்து சேருவதற்கு எத்தனையோ கட்டங்கள், பாதி மருந்துகள் வழியிலேயே நின்றுபோகும். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பார்க்கலாம்மா என்பேன்.

பரிசோதனை நாட்களில் எனக்கு மாறாத ஒரு வாசம் இருக்க வேண்டும். பூ கூடாது, பவுடர் கூடாது, சோப்பை மாற்றக் கூடாது. புது வாசம் வந்தால் எலி கம்பியில் நடப்பதை விட்டுவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கல்யாண வயசுப் பொண்ணு மொட்டைத் தலையோட போறா என்று அம்மா அங்கலாய்த்தாலும் பூ வைக்கச் சொல்லி வற்புறுத்தியதில்லை. ஆனால் ஒருநாள் கம்பியில் விட்ட எலிகளெல்லாம் ஒன்றுபோல என் பக்கமாகத் திரும்பிக் குதித்தன. பச்சையும் குதித்தது, நீலமும் குதித்தது. படிக்கட்டுக்காரன் கம்பியிலிருந்து நேராக என் கைமேல் தாவி, கோட்டின் கைமடிப்பை நக்க ஆரம்பித்தான். முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெயும் ஏதோ அத்தரும் கலந்த வாசம்.

அம்மாவின் அன்பியத்துப் பெண்கள் வேன் வைத்து ஒரு திருத்தலத்துக்குப் போய்வந்திருந்தார்கள். அன்பியம் என்பது எங்கள் கோயிலில் தெருவுக்கொன்றாக இருக்கிற ஜெபக் குழு. அங்கே மந்திரித்துக் கொடுத்த எண்ணெய் புட்டியோடு அம்மா திரும்பி வந்திருந்தாள். முதல்நாள் துவைத்து இஸ்திரி போட்ட என் வெள்ளைக் கோட்டின் இரண்டு கைமடிப்பிலும் அந்த எண்ணெயால் சிலுவை போட்டிருக்கிறாள்.

பஸ்ஸில் வரும்போதே கத்துவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். பின்பக்கம் போகாமல் நேராக அடுப்படிக்குள் நுழைந்து கோட்டை நீட்டினேன். ஒரு நாள் வேலை நாசம், மறுபடி முதலிலிருந்து பண்ண வேண்டும் என்றேன். அம்மா குளிக்காமல் வந்ததற்குக்கூடத் திட்டவில்லை.

"அதுங்களுக்கு ஒன்னும் ஆவலியே?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை, ருசியாக நக்கின என்றேன். அடுக்கி வைத்த வார்த்தைகள் அங்கேயே கொட்டிப்போயின. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்பா உள்ளேயிருந்து யார் நக்கியது என்று கேட்டார்.

இனிமேல் கோட்டைத் தொட மாட்டேன், ஆனால் ஜெபம் பண்ணாமல் இருக்க முடியாது, எப்படிப் பண்ணுவதென்று சொல்லிக்கொடு என்றாள் அம்மா. அன்பியத்தில் ஏற்கெனவே எலிகளுக்காக ஒருமுறை வேண்டியிருக்கிறார்கள், ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போயிருக்கிறாள். அது வேறு எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எந்தக் கலருக்கு மருந்து?" என்றாள்.

"தெரியாதும்மா."

"ஊசி போடறது நீதானே?"

"நான்தான்."

"அப்பறம் தெரியாதுங்கறே."

நான் பொறுமையாக விளக்கினேன். பொறுமை எனக்குச் சுலபமாக வராது என்பதால் இதைச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு கூட்டம் குணமாக வேண்டும், மற்றது அப்படியே இருக்க வேண்டும். இரண்டுமே நன்றாகிவிட்டால் மருந்து தோற்றுப்போனதாகத்தான் அர்த்தம். பொதுவாக எல்லா எலிக்கும் சுகம் கொடு என்று அவள் வேண்டி, அதைக் கடவுள் கேட்டும் விட்டால் என் ஆராய்ச்சி கந்தல்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "அப்ப அந்த இன்னொரு கூட்டத்துக்கு நல்லாவக் கூடாதுன்னு வேண்டிக்கணுமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்பிடியெல்லாம் நான் வேண்டிக்க மாட்டன், கண்ணு" என்றாள்.

பிறகு எப்படித்தான் வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

கடைசிப் பரிசோதனை முடிந்தது. இனிச் செய்ய வேண்டியது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். எலியின் மூளையைச் சீவி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் திரண்டிருக்கும் புரதம் குறைந்ததா என்று தெரியும். எலி உயிரோடு இருக்கும்போது அதைப் பார்க்க முடியாது. பச்சை, நீலம் என்ற பேதம் அதற்கு இல்லை. அந்த வாரத்தில்தான் அம்மா, எல்லாம் முடிந்தபிறகு மருந்து கிடைக்காத எலிகளுக்கும் ஒரு ஊசி போட்டுவிடுவீர்கள்தானே என்று கேட்டாள். காபி ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றினேன்.

நானே செய்தேன். வேறு யாரையும் செய்யவிடப் பிடிக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் அவை தூங்கிப்போகும், வலி தெரியாது. படிக்கட்டுக்காரனைத் தூக்கியபோது என் கையுறை விரலை நாலு காலாலும் கட்டிக்கொண்டான். அது அவன் பழக்கம். பிடி தானாகத் தளரும்வரை நான் விரலை எடுக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து வழக்கத்தைவிட அதிக நேரம் குளித்தேன். அவன் எப்படி இருக்கிறான் என்று அப்பா கேட்டபோது தூங்குகிறான் என்றேன்.

பிறகு பல வாரம் நுண்ணோக்கியோடு கழிந்தது. எண்ணி முடித்து எல்லாவற்றையும் பெங்களூருக்கு அனுப்பிய பிறகுதான் பேராசிரியர் போனில் கூப்பிட்டு நிறத்தைச் சொன்னார். பச்சை. பச்சை எலிகள் கம்பியில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றிருந்தன, அவற்றின் மூளையில் திரட்சியும் குறைவு. வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் உண்மையாக இருந்தது. கல்லூரிப் படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். பாஸ் வைத்திருந்த ஆள் உள்ளே போய் வேலையைப் பார்த்திருக்கிறான். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் நீலம் ஞாபகம் வந்தது.

வீட்டில் அப்பா முறத்தை மடியில் வைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். விரலுக்குப் பயிற்சி என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதிக் கடலை தரையில் கிடக்கும், அம்மா சத்தம் காட்டாமல் பொறுக்கிப் போடுவாள். பச்சைதான் மருந்து, வேலை செய்திருக்கிறது என்று சொன்னேன். அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

"எப்பக் குடுப்பாங்க?" என்றாள்.

அதற்கு மேல் பார்க்கலாம்மா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு எலிகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகு பெரிய விலங்குகளுக்கு, அதற்கும் பிறகுதான் மனிதர்கள் என்று சொன்னேன். வருஷக்கணக்கில் ஆகும், வராமலேயும் போகலாம். அப்பாவுக்கு என்று சொல்ல வந்து, அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்பா அந்தப் பேச்சே நடக்காததுபோல, "படிக்கட்டுக்காரன் நீலந்தானே?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"அவனுக்கு இனிமே போடலாமில்ல?"

சொன்னேன். எல்லா எலிகளையும் பற்றிச் சொன்னேன், ஏன் என்பதையும் சொன்னேன். தூங்கினான் என்று சொன்னது பொய்யில்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புதைத்தீர்களா என்று அம்மா கேட்டாள். எரித்துவிடுவார்கள், அதுதான் விதி என்றேன். மறுபடியும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்பா ஒரு கடலையை எடுத்தார். நடுங்குகிற விரல்களால் ரொம்ப நேரம் அழுத்தி அதை உடைத்தார். நான் உதவிக்குக் கை நீட்டினேன், வேண்டாமென்று தலையசைத்தார்.

"அவனும் நானும் ஒரே வண்டி" என்றார். "நீல வண்டின்னு ஒன்னு வரலன்னா, பச்ச வண்டி முன்னால போச்சுன்னு யாருக்குத் தெரியும்? நீ ஏன் அழுவற? உன் வேல நல்லா முடிஞ்சிருக்குது."

உடைத்த கடலையை என் கையில் வைத்தார். அம்மா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இப்படிப் பெரிய மனசுக்காரராக இருக்கிறாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. கொஞ்சம் எங்களோடு சேர்ந்து அழுதிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்றாட்டு வாசிக்கிற முறை எங்கள் அன்பியத்துக்கு. விசுவாசிகளின் மன்றாட்டு என்று திருச்சபைக்காக, நாட்டுக்காக, மழைக்காக ஒவ்வொருவராக மைக்கில் வேண்டுவார்கள், ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று ஜனங்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். அம்மா மேடை ஏறுகிற ஆள் இல்லை. அன்றைக்கு எழுந்து போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினாள்.

"மருந்து வந்து சேரும் முன்பே போய்விட்டவர்களுக்காகவும், இன்னும் காத்திருப்பவர்களுக்காகவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

ஊரில் நோயாளி இல்லாத வீடு ஏது? ஆளாளுக்கு அவரவர் வீட்டு ஆளை நினைத்துக்கொண்டார்கள்போல, கோயிலே நிறைந்து பதில் வந்தது. அப்பா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், முன்பெஞ்சைப் பிடிக்காமல். இடது கை நடுங்கிக்கொண்டிருந்தது. என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"படிக்கட்டுக்காரனுக்கும் சேத்துத்தானே சொன்னா?"

ஆமாம்பா என்றேன். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, எல்லோரும் முடித்த பிறகு தனியாக ஒருமுறை சத்தமாகப் பதில் சொன்னார். பூசையில் வாய் திறந்து பதில் சொல்லி எனக்கு எவ்வளவோ காலமாகியிருந்தது. அவரோடு சேர்ந்து நானும் சொன்னேன்.